நியூ ஜெர்சி கவர்னர் பிரைமரி: ஜூன் மாத ஓட்டை எடைபோட்டுப் போடுவது எப்படி?

இந்தியாவில் கவர்னர் என்றால் டெல்லியிலிருந்து நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் அந்தப் பதவி நம் கணக்குக்கு முதலமைச்சர் பதவி. நியூ ஜெர்சியில் அதற்கும் ஒரு படி மேல். பல மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலர், பொருளாளர் எல்லாரையும் மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூ ஜெர்சியில் மாநில நிர்வாகத்துக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது கவர்னரையும் அவரோடு ஜோடியாக நிற்கும் துணை கவர்னரையும் மட்டும்தான். அட்டர்னி ஜெனரல், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) பிராசிக்யூட்டர்கள், சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள், மின்கட்டண வாரியம், ரயில் நிர்வாகக் குழு எல்லாம் கவர்னரின் நியமனம். இத்தனை அதிகாரமுள்ள ஒருவரைப் பொறுக்கி எடுக்கும் முதல் சுற்றான பிரைமரி, அதாவது ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது, ஜூனில் முடிந்துவிடுகிறது. எடிசன், பிஸ்கடவே, பிரின்ஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் நவம்பரில் தவறாமல் போகிறவர்களில் பலர் ஜூனில் போவதில்லை. போகவேண்டும். நவம்பர் ஓட்டுச் சீட்டில் பெரிய கட்சிகளின் சார்பில் இருக்கப்போகும் இரண்டு பெயர்களும் ஜூனில்தான் முடிவாகின்றன.

கையில் உள்ள நல்ல உதாரணம் 2025 ஜூன் 10 பிரைமரி. அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபி இரண்டு தவணை முடித்துவிட்டதால் தொடர்ந்து மூன்றாம் முறை நிற்க முடியாது, நாற்காலி காலி. ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர்: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர்கள் மைக்கி ஷெரில், ஜாஷ் காட்ஹைமர், நியூவர்க் மேயர் ராஸ் பராக்கா, ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவ் ஃபுலோப், ஆசிரியர் சங்கத் தலைவர் ஷான் ஸ்பில்லர், மாநில செனட்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனி. ஷெரில் சுமார் 34 சதவீதம் வாங்கி ஜெயித்தார். குடியரசுக் கட்சியில் ஜாக் சிட்டரெல்லி, வானொலித் தொகுப்பாளர் பில் ஸ்பேடியா, மாநில செனட்டர் ஜான் பிராம்னிக் உள்ளிட்டோர் நின்றார்கள். சிட்டரெல்லி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அள்ளினார்.

முதலில் யார் ஓட்டுப் போடலாம் என்ற சங்கதி. கிரீன் கார்டு, எச்1பி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. இதில் ஒரு அபாயம் இருக்கிறது. 2018 முதல் நியூ ஜெர்சியில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் தானாக நடக்கிறது. கவுண்டரில் அல்லது திரையில் கேட்கும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டிவிட்டால், குடியுரிமை இல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று சொன்னதாக ஆகிவிடும். பிறகு குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும். நாடு கடத்தும் வழக்கு வரைகூடப் போகலாம். ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினரை உரிமம் எடுக்க அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குடிமக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நவம்பர் தேர்தலுக்குள் 18 நிரம்புமானால், 17 வயதிலேயே பிரைமரியில் ஓட்டுப் போடலாம் என்ற சட்டம் 2026 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்தது கட்சிப் பதிவு. இது மூடிய பிரைமரி. ஜனநாயகக் கட்சியாகப் பதிந்தவர் அந்தக் கட்சிச் சீட்டில்தான் போடலாம், குடியரசுக் கட்சிக்காரர் அவர் சீட்டில். எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். நம்மவர்களில் பலர் இந்த வகைதான். ‘எனக்குக் கட்சி இல்லை, அதனால் பிரைமரியில் ஓட்டு இல்லை’ என்று இவர்கள் நினைத்துக்கொள்வது தவறு. வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைச் சொல்லி அந்தச் சீட்டை வாங்கலாம். அன்றிலிருந்து அந்தக் கட்சிப் பதிவில் இருப்பீர்கள். வேண்டாமென்றால் பிறகு படிவம் கொடுத்துப் பழையபடி ஆகிவிடலாம். ஆனால் ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு மாறுகிறவருக்கு 55 நாள் முன்பே கெடு முடிந்துவிடும். 2025-ல் அது ஏப்ரல் 16. புதிதாகப் பதிய 21 நாள் முன்புவரை, அதாவது மே 20 வரை நேரம் இருந்தது. தபால் ஓட்டுப் பட்டியலில் இருக்கும் கட்சி சாராதவர்களுக்குப் பிரைமரிச் சீட்டு தானாக வீட்டுக்கு வராது. எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுத்தால்தான் வரும். ‘எனக்கு மட்டும் சீட்டு வரவே இல்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி வேட்பாளரை எடைபோடும் வேலை. ஒரே கட்சிக்காரர்கள் என்பதால் கொள்கையில் முக்கால்வாசி ஒத்துப்போவார்கள். நவம்பரில் போலக் கட்சியைப் பார்த்துக் குத்திவிட்டு வர முடியாது. வாக்குறுதிகளை வரிசையாகப் படித்தாலும் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு வாக்குறுதியின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இதைச் செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? கவர்னர் கையெழுத்து மட்டும் போதுமா, செனட் சம்மதம் வேண்டுமா, சட்டமன்றம் நிறைவேற்றவேண்டுமா, அல்லது மாநிலத்துக்கே அதிகாரம் இல்லாத விஷயமா? இந்த நாலு கட்டத்தில் பிரித்துப் போட்டாலே ஒரே மாதிரித் தெரிந்தவர்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்பார்கள்.

எல்லாரும் பேசும் வீட்டு வரியை எடுத்துக்கொள்வோம். 2024-ல் நியூ ஜெர்சியில் சராசரி பிராப்பர்டி டாக்ஸ் முதன்முறையாக ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. உங்கள் டவுன் அனுப்பும் பில்லை மேஜையில் விரித்து வையுங்கள். பள்ளி, டவுன், கவுண்டி என்று பங்கு பிரித்திருக்கும். மாநில அளவில் பாதிக்குச் சற்று மேலாகப் பள்ளிக்கே போகிறது. இதில் ஒரு பங்கைக்கூட கவர்னர் விதிப்பதில்லை. 2025 பிரசாரத்தில் காட்ஹைமர் வீட்டு வரியை ஏறக்குறைய 15 சதவீதம் குறைப்பேன் என்றார். இப்படி ஒரு எண்ணைக் கேட்டதும் சந்தோஷப்படுவதற்கும் முன், சிரிப்பதற்கும் முன், எந்த வழியாக என்று பார்க்கவேண்டும். கவர்னருக்கு உள்ள வழிகள் மூன்றுதான். பள்ளிகளுக்கு மாநில நிதியைக் கூட்டுவது ஒன்று. ஆங்கர், ஸ்டே என்ஜே போன்ற திட்டங்களில் வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது இன்னொன்று. டவுன்கள் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வரி கூட்டக்கூடாது என்ற 2010 சட்டத்தில் இருக்கும் விலக்குகளை இறுக்குவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மாநில பட்ஜெட்டிலிருந்து பணம் வரவேண்டும். அந்த பட்ஜெட் சட்டமன்றம் வழியாக ஜூன் 30-க்குள் முடியவேண்டும். ‘எவ்வளவு குறைப்பீர்கள்’ என்று கேட்டால் ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். ‘என் டவுனுக்கு வரும் பள்ளி நிதியில் எதை மாற்றுவீர்கள், அந்தப் பணத்தை எதிலிருந்து எடுப்பீர்கள்’ என்று கேளுங்கள். பதில் ஒரு நிமிடத்துக்கு மேல் உருப்படியாக வந்தால் அவர் பாடம் படித்திருக்கிறார்.

மின்கட்டணம் இன்னும் நல்ல பாடம். 2025 ஜூன் 1 முதல் நியூ ஜெர்சி வீடுகளில் கரண்ட் பில் ஏறக்குறைய 17 முதல் 20 சதவீதம் ஏறியது. பிரைமரிக்கு ஒன்பதே நாள் முன்பு. காரணம், 13 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மின்கட்டமைப்பு நடத்தும் பிஜேஎம் நிறுவனம் 2024 ஜூலையில் நடத்திய ஏலம். தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக இருப்பதற்காக மின்நிலையங்களுக்குக் கொடுக்கும் விலை, ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்தது, 269.92 டாலராக எகிறியது. இந்த ஏலத்தைக் கவர்னர் நிறுத்த முடியாது. ஆனால் மாநிலப் பொதுப் பயன்பாட்டு வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களும் கவர்னர் நியமித்து செனட் ஒப்புக்கொள்பவர்கள். கம்பி, கம்பம் வகைக் கட்டணம், நுகர்வோருக்குத் தரும் தள்ளுபடி எல்லாம் அந்த வாரியத்தின் கையில். எனவே ‘பிஜேஎம்மைச் சும்மா விடமாட்டேன்’ என்பது முழக்கம். வாரியத்துக்கு எந்த மாதிரி ஆட்களைப் போடுவேன், புதிய மின்நிலையங்களுக்கு அனுமதியை எப்படி வேகப்படுத்துவேன் என்பதுதான் வேலைத்திட்டம். குடியரசுக் கட்சித் தரப்பில் சிட்டரெல்லி, வடகிழக்கு மாநிலங்களின் கார்பன் ஒப்பந்தத்திலிருந்து விலகுவேன் என்றார். அது பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. அது கவர்னரால் ஆகக்கூடியது. 2011-ல் அப்போதைய கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அதே ஒப்பந்தத்திலிருந்து மாநிலத்தை வெளியே எடுத்தார், மர்ஃபி காலத்தில் 2020-ல் மாநிலம் திரும்பச் சேர்ந்தது.

ரயில் விஷயத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கருவி இருக்கிறது. 2025 மே 16 அன்று நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த முதல் ரயில் நிறுத்தம். மெட்ரோபார்க்கிலும் பிரின்ஸ்டன் ஜங்ஷனிலும் தினம் ரயிலேறுகிறவர்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நிறுவனத்தின் கூட்டக் குறிப்பையே கவர்னர் நிராகரிக்கலாம். குறிப்பு நிராகரிக்கப்பட்டால் அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவும் செல்லாது. டோல் சாலைகளை நடத்தும் டர்ன்பைக் ஆணையத்துக்கும் இதே கதைதான். டோல் உயர்வை, ரயில் கட்டண உயர்வை ஒரு கையெழுத்தில் நிறுத்தும் அதிகாரம் இது. ‘என் கையில் எதுவும் இல்லை, நிர்வாகக் குழு முடிவு’ என்று எந்தக் கவர்னரும் சொல்ல முடியாது. வேட்பாளரை நேரில் பார்க்கக் கிடைத்தால், ‘அடுத்த கட்டண உயர்வுக் குறிப்பு உங்கள் மேஜைக்கு வந்தால் நிராகரிப்பீர்களா? நிராகரித்தால் துண்டுவிழும் பணத்தை எங்கிருந்து கொடுப்பீர்கள்?’ என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பாதிக் கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும்.

நியமனங்களில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. கவர்னர் ஒருவரை நியமித்தாலும், நியமிக்கப்படுபவரின் சொந்த கவுண்டியைச் சேர்ந்த மாநில செனட்டர் கையெழுத்திடாவிட்டால் பெயர் நகராது. எழுதப்படாத பழைய வழக்கம் இது. நீதிபதி இடங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்க இதுவும் ஒரு காரணம். ஆகவே மாநிலத் தலைநகர் டிரென்டனில் நாற்பது செனட்டர்களோடு ஒத்துப்போகத் தெரிந்தவரா என்பது குணநலன் கேள்வி மட்டுமில்லை, வேலை நடக்குமா என்ற கேள்வி.

பழைய கணக்கைப் பார்ப்பது அடுத்தது. அவரவர் இருந்த பதவிக்கு ஏற்பப் பார்க்கவேண்டிய இடம் மாறும். காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவருக்கு வாக்களித்த பதிவு இருக்கும், ஆனால் அலுவலகத்துக்கு வெளியே எதையும் நிர்வாகம் செய்த பதிவு இருக்காது. மேயருக்கு நேர்மாறு. பராக்காவின் நியூவர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் ஈயம் கலந்த நெருக்கடி அவர் காலத்தில்தான் பெரிதாக வெடித்தது. பிறகு மூன்றே ஆண்டுக்குள் 23,000-க்கு மேல் ஈயக் குழாய்கள் மாற்றப்பட்டதும் அவர் காலத்தில்தான். எசெக்ஸ் கவுண்டி கடன்பத்திரம் மூலம் 12 கோடி டாலர் வந்தது. வீட்டு உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல் குழாயை மாற்ற நகரச் சட்டம் வழிவிட்டது. வாடகை வீடுகள் நிறைந்த ஊரில் அந்த ஒரு சட்டம் இல்லாமல் வேலை ஓடியிருக்காது. இரண்டு பாதியையும் சேர்த்துப் படித்தால்தான் ஆளைப் பற்றி ஏதாவது தெரியும். ஸ்வீனி 2010 முதல் 2022 வரை செனட் தலைவர். கிறிஸ்டியோடு சேர்ந்து 2011-ல் அரசு ஊழியர்களின் ஓய்வூதிய, மருத்துவக் காப்பீட்டுப் பங்களிப்பைக் கூட்டிய சட்டத்தை நிறைவேற்றியவர். ஆசிரியர் வீட்டில் அது இன்னும் ஆறாத புண்; வரி செலுத்துகிறவர் சிலருக்கு அதுவே அவருடைய தகுதி. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

பணம். நியூ ஜெர்சியில் கவர்னர் தேர்தலுக்கு அரசே பொருத்து நிதி தருகிறது. தனியார் நன்கொடை ஒரு டாலருக்கு அரசு இரண்டு டாலர். 2025 பிரைமரியில் தகுதி பெற 5,80,000 டாலர் திரட்டவேண்டும், ஒருவரிடமிருந்து 5,800 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது, அரசு நிதி வாங்கினால் 87 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கக்கூடாது, விவாதங்களில் கலந்துகொள்ளவேண்டும். தேர்தலுக்கு 29 நாள் முன்பும் 11 நாள் முன்பும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். மாநிலத் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையத்தின் இணையதளத்தில் நன்கொடையாளர் பெயர், வேலை, நிறுவனம் எல்லாம் தேடலாம். ஒரு மணி நேரம் போதும். மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்கவேண்டாம். கட்டுமானம், அரசு ஒப்பந்தம் செய்யும் பொறியியல் நிறுவனம், சட்ட அலுவலகம் என்று ஒரே துறையிலிருந்து 5,800 டாலர் காசோலைகள் ஒரே வாரத்தில் வரிசையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வரம்பெல்லாம் வேட்பாளரின் சொந்தக் கணக்குக்குத்தான். தனியாக இயங்கும் குழுக்களுக்கு உச்சவரம்பு இல்லை. ஸ்பில்லருக்காக ஆசிரியர் சங்கப் பணத்தில் இயங்கிய குழு மூன்றரைக் கோடி டாலருக்கும் மேல் இறக்கியது. அஞ்சல்பெட்டியைத் திறந்தால் அவர் முகம். ஆனால் அவர் பொருத்து நிதிக்கான தகுதியை எட்டவில்லை. கடைசியில் கிடைத்தது பத்துச் சொச்சம் சதவீதம், ஐந்தாவது இடம். தபாலில் வரும் விளம்பர அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ‘இதற்குப் பணம் கொடுத்தவர்’ என்ற வரி இருக்கும். அதை முதலில் படித்துவிட்டுப் பிறகு படத்தைப் பாருங்கள்.

ஓட்டுச் சீட்டே மாறிவிட்டதையும் சொல்லவேண்டும். முன்பு 21 கவுண்டிகளில் 19-ல் ‘லைன்’ என்ற முறை இருந்தது. கவுண்டிக் கட்சித் தலைவர் ஆதரிக்கும் எல்லாரையும், மேல்பதவி முதல் டவுன் கவுன்சில் வரை, ஒரே நேர்கோட்டில் அச்சடிப்பார்கள். எதிர்த்து நிற்பவர் எங்கோ ஓரத்தில், வெற்றுக் கட்டங்களைத் தாண்டி ஒதுங்கிக் கிடப்பார். நம்மூர் மாவட்டச் செயலாளருக்கு இருக்கும் செல்வாக்கை அச்சுக்கூடத்தில் வைத்துப் பூட்டியதுபோல. அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் 2024 மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி ஸாஹித் குரைஷி இதற்குத் தடை விதித்தார். 2025 மார்ச்சில் சட்டமே மாறியது. இப்போது பதவி வாரியாகக் கட்டம். கவர்னருக்கு நிற்கும் அத்தனை பேரும் ஒரே கட்டத்துக்குள். ஆனால் பெயருக்குக் கீழே ஆறு சொல் வரை ஒரு வாசகம் போடலாம். கவுண்டிக் கட்சியின் பெயர் அங்கே வந்துவிடுகிறது. அந்த வாசகம் ஆதரவைக் காட்டும், தகுதியைக் காட்டாது. தென் ஜெர்சிக் கட்சி அமைப்புகள் தாங்கிப் பிடித்த ஸ்வீனி மாநில அளவில் ஆறாவதாக வந்தார்.

‘நவம்பரில் யார் ஜெயிப்பார்’ என்ற வாதத்துக்கு என் எடைக்கல்லில் கடைசி இடம்தான். 2021-ல் மர்ஃபி சிட்டரெல்லியை மூன்று சதவீத வித்தியாசத்தில்தான் வென்றார். 1965-க்குப் பிறகு அதுவரை எந்தக் கட்சியும் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்ததில்லை. இதையெல்லாம் சொல்லித்தான் 2025 ஜூனில் ஒருவரையொருவர் பயமுறுத்தினார்கள். நவம்பரில் ஷெரில் பத்து சதவீதத்துக்கும் கூடுதலான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்து மாதம் தள்ளி நடக்கப்போவதை ஜூனிலேயே கணித்துச் சொந்த விருப்பத்தை விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார்.

கணக்கு என்று பார்க்கவேண்டியது ஒன்றுதான். நியூ ஜெர்சியில் இரண்டாம் சுற்று இல்லை. 34 சதவீதம் போதும் என்றால் மீதி 66 சதவீத ஓட்டு ஐந்தாகச் சிதறியது என்று பொருள். ஜார்ஜியா, டெக்சாஸில் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் மறு ஓட்டு. அங்கே முதல் சுற்றில் மனசுக்குப் பிடித்தவருக்குத் தயங்காமல் போடலாம். கலிபோர்னியாவில் கட்சி பேதமில்லாமல் முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். மெய்னில் வரிசைப்படுத்தி ஓட்டுப் போடலாம். நியூ ஜெர்சிக்காரர் செய்யவேண்டியது: முதல் மூன்று பெயரை வரிசையாக எழுதுங்கள், ஏற்கவே முடியாதவர் பெயரைத் தனியாக எழுதுங்கள். அந்த ஆள் முன்னணியில் இருந்து, உங்கள் இரண்டாவது விருப்பம் மட்டுமே அவரை நெருங்கியிருந்தால் மாற்றி யோசியுங்கள். இல்லையென்றால் முதல் பெயருக்கே போடுங்கள்.

இதற்காகத்தான் தபால் சீட்டை வந்த கையோடு நிரப்பி அனுப்பவேண்டாம் என்பது. தேர்தலுக்குச் சுமார் 45 நாள் முன்பே சீட்டுகள் வர ஆரம்பிக்கும். விவாதங்கள் பெரும்பாலும் மே மாதத்தில்தான். சீட்டு அச்சடித்த பிறகு ஒருவர் விலகினாலும் பெயர் அதிலேயே இருக்கும். முந்திக்கொண்டு அனுப்பியவர் ஓட்டு வீண். அனுப்பிய ஓட்டைத் திரும்ப வாங்கவும் முடியாது. விவாதம் முடியட்டும், 11 நாள் கணக்கு வெளிவரட்டும், பிறகு நிரப்புங்கள். 2025-ல் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து ஆறு நாளுக்குள் வந்துசேர்ந்தால் எண்ணினார்கள். ஆனாலும் கவுண்டி வைத்திருக்கும் பாதுகாப்புப் பெட்டியில் போடுவதே நல்லது. தபால் சீட்டு வாங்கியவர் மனம் மாறி நேரில் போனால் இயந்திரத்தில் போட விடமாட்டார்கள், தற்காலிகச் சீட்டுதான் தருவார்கள்.

உறையில் செய்யும் தவறால்தான் பல ஓட்டுகள் வீணாகின்றன. சீட்டு உள்உறைக்குள். அந்த உறையோடு ஒட்டியிருக்கும் சான்றிதழ் மடிப்பில் பெயர், முகவரி, கையெழுத்து. அந்த மடிப்பைக் கிழித்துவிடக்கூடாது. பில் கட்டுகிற பழக்கத்தில் பலர் கிழித்துவிடுகிறார்கள். பிறகு உள்உறையை வெளிஉறைக்குள் வைத்து ஒட்டவேண்டும். ஒரே வீட்டில் கணவன் மனைவி உறைகள் மாறிப்போவதும் அடிக்கடி நடக்கிறது, ஒவ்வொருவராக உட்கார்ந்து முடியுங்கள். கையெழுத்து பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். தமிழில் கையெழுத்திட்டுப் பதிந்த பெரியவர்கள் இங்கே ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் நிறுத்திவைத்துவிடுவார்கள். அப்படி ஆனால் கவுண்டியிலிருந்து சரிசெய்யும் படிவத்தோடு ஒரு கடிதம் வரும். அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துத் தூக்கிப் போடாமல், அதில் உள்ள தேதிக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள். அந்த ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.